தபரேஸ் பாய் ஓடிய ஓட்டம்

ஆம்பூர் தபரேஸ் பாய்க்கு உருப்படியாகத் தெரிந்த வேலைகள் இரண்டே இரண்டு. டிரம்மில் ஊறுகிற தோலை விரலால் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்து, இன்னும் எத்தனை மணி நேரம் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவார். அது முதல் வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது வேலை ஓடுவது. அதை முதலாளிக்காக இனாமாகச் செய்துவந்தார். பதினோரு வருஷம் டிரம் மேஸ்திரியாக இருந்தும் தெருமுனை தாண்டி அவரை யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு நாள் ஓடியது டெல்லி வரைக்கும் தெரிந்துபோனது. எல்லாம் நேரம்தான்.

ஆளைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். நாற்பத்து நாலு வயசு, முன்தள்ளிய சின்னத் தொப்பை, மழை வந்தால் வலிக்கிற இடது முட்டி. வீட்டில் டியூப்லைட் ஸ்டார்ட்டர் போனால் மாற்றுவதற்கு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். தீபாவளிக்குச் சரம் வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். மனைவி ஷஹீன் பானு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள், மகள் தூபா திருப்பத்தூரில் காலேஜ் படிக்கிறாள், இரண்டு பேருமே அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். இப்படிப்பட்ட மனுஷனைத்தான் அப்புறம் ஒரு நாடே வலைவீசித் தேடியது.

அவர் வேலை செய்தது பாலாற்றங்கரையோரம் அப்துல் ஹமீத் சாப்பின் தோல் ஷாப்பில். தோல் பதனிடுகிற தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்லுவார்கள். ஹமீத் சாப் நல்ல மனுஷர் என்று யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அவரிடம் வேலை செய்யாதவர்களைக் கேட்டால் இன்னும் அழுத்தமாகச் சொல்லுவார்கள். ரமலான் மாசம் முழுக்கத் தெருவுக்கே கஞ்சி ஊற்றுவார். அவருடைய ஷாப்பில் பதமான தோலுக்குச் சாயம் ஏற்றி மெருகு போடுவதற்கு மட்டும்தான் சர்க்கார் அனுமதி. பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, குரோம் ஏற்றுகிற ஊறல் வேலைக்கு அனுமதி ரத்தாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. ரத்தான சேதி டிரம்முக்கு மட்டும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கழிவுத்தண்ணீரை லாரியில் ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். லாரிக்காரன் வாடகை கேட்பான். பாலாறு என்றைக்காவது வாடகை கேட்டிருக்கிறதா? பின்கட்டில் பூமிக்கடியில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு வால்வு, வால்வின் மேல் நாலு உப்பு மூட்டை. மீதியை ஆறு பார்த்துக்கொண்டது.

சர்க்கார் ஜீப் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஷாப்பில் எல்லோருக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஆட்களை அவர்கள் சுருக்கமாக ‘போர்டு’ என்பார்கள். போர்டு ஜீப் முக்கில் திரும்பியதும் வாட்ச்மேன் சைக்கிள் மணியை மூன்று தரம் அடிப்பார். ஒருவர் மெயினை இறக்குவார், டிரம் நிற்கும். தபரேஸ் பாய் வால்வை மூடி, அதைத் திருப்புகிற நீள இரும்புச் சாவியை உருவி எடுப்பார். தெருவில் குடிதண்ணீர் திறந்துவிட வருகிற ஆள் கையில் இருக்குமே, அதே மாதிரி தலையில் குறுக்குக் கம்பி வைத்த இரண்டடிச் சாவி. தோலில் வழித்த கொழுப்பை அள்ளுகிற முனியம்மா உப்பு மூட்டைகளை வால்வின் மேல் தள்ளிவிட்டு, ஓடிப்போய்ப் பின்கேட்டைத் திறப்பாள். சாவியோடு தபரேஸ் பாய் வெளியே ஓட வேண்டும். சாவி இல்லாவிட்டால் வால்வை யாரும் திறக்க முடியாது, மேஸ்திரி இல்லாவிட்டால் டிரம்மில் என்ன ஓடியது என்று யாரையும் கேட்க முடியாது. முன்வாசலில் ஹமீத் சாப் அதிகாரிகளுக்குப் பாதாம் பால் கொடுத்து, ஊறல் வேலையெல்லாம் நாங்கள் விட்டு வருஷக்கணக்காச்சு சார் என்று தாடியைத் தடவிக்கொள்வார்.

ஓடுகிற வழியும் இம்மி பிசகாது. பின்கட்டில் மூன்றாவது படி உடைந்தது, அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். நீராவிக் குழாய்க்குக் கீழே குனிய வேண்டும். பக்கத்து ஷூ கம்பெனி வேலியில் இருக்கிற இடுக்கில் ஒருக்களித்து நுழைய வேண்டும். அப்புறம் ஆற்று மணல், அக்கரையில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து இரண்டு டீ குடிப்பதற்குள் முனியம்மா போன் செய்துவிடுவாள், போய்ட்டாங்க வா பாய் என்று. இவர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார், டிரம் மறுபடி சுற்றும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அந்த ஷாப்பில் ஒரு தடவைகூட ஒத்திகை நடந்ததில்லை. இந்த ஒத்திகை மாசம் தவறாமல் நடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் மணி மூன்று தரம் அடித்தது. காலை பதினோரு மணி. தபரேஸ் பாய்க்கு முட்டி வலி, டிரம் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஓடாவிட்டால்தான் என்ன, டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேனே என்றார். முனியம்மாதான் விடவில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

“ஓடு பாய். மாட்டிகினா எல்லாருக்கும்தான் சோறு போச்சு.”

ஓடினார். முட்டி வலியோடு ஓடினாலும் மூன்றாவது படியைத் தாண்டினார், குழாய்க்குக் குனிந்தார், வேலியில் ஒருக்களித்தார். பதினோரு வருஷப் பழக்கம் சும்மா போகுமா?

வந்தது போர்டு இல்லை. வடக்கே எங்கேயோ ஒரு ஊர்ச் சந்தையில் ஏதோ வெடித்து மூன்று பேருக்குக் காயம். வெடித்த இடத்தில் பாதி எரிந்த நீலப் பிளாஸ்டிக் கேன் ஒன்று கிடந்தது, அதில் ஹமீத் சாப்பின் ஷாப் பெயர் போட்ட ஸ்டிக்கர். தோல் ஷாப்புகளில் கெமிக்கல் வருகிற கேன் அது. காலியானதும் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடுவார்கள். ஆம்பூரில் பாதி வீடுகளில் அந்தக் கேனில்தான் குடிதண்ணீரே பிடித்து வைக்கிறார்கள். இந்தக் கேனை யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகத்தான் சென்னையிலிருந்து ரத்தினசாமி என்ற போலீஸ் அதிகாரி இரண்டு ஜீப்பில் ஆட்களோடு வந்திருந்தார். கேட்க வந்தது இரண்டே கேள்வி. ஜீப்பிலிருந்து இறங்கி இடுப்பு பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொள்வதற்குள், கையில் இரும்புத் தடியோடு ஒரு ஆள் பின்வாசல் வழியாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான். வந்தவர்கள் என்ன செய்வார்கள், பாவம்! பழைய சாமான்காரரைத் தேடி வந்தவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அக்கரை டீக்கடையில் இரண்டாவது டீ ஆறிக்கொண்டிருந்தபோது முனியம்மாவின் போன் வந்தது. குரலே சரியில்லை.

“பாய், வந்துடாத. இது நம்ம போர்டு ஆளுங்க இல்ல, வேற. உன் பேரு, உன் வூடு எல்லாம் கேட்டுகினு கீறாங்க. இன்னா நடக்குதுன்னே தெரில.”

அந்த நேரத்தில் ஒரு புத்திசாலி நேராக நடந்துபோய், சார் என்ன விஷயம் என்று கேட்டிருப்பார். தபரேஸ் பாய்க்கு ஓடத்தான் பழக்கம், திரும்பி நடந்துபோய்ப் பேசிப் பழக்கமில்லை. சாவியை ஒரு சாக்குப் பையில் சுற்றினார், வேலூர் பஸ் ஏறினார், அங்கிருந்து கணியம்பாடி. அங்கே காசிநாதன் இருந்தார். ஒரு காலத்தில் இதே டிரம்மில் இவருக்குக் கீழே வேலை செய்தவர், கை முழுக்கச் சொறி வந்து வேலையை விட்டுவிட்டு, இப்போது ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறார். எதுவும் கேட்காமல் பம்ப்செட் ரூமில் பாய் விரித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் காசிநாதன் வீட்டு டிவியில் தபரேஸ் பாய் தன்னைத்தானே பார்த்தார். ஷூ கம்பெனி கேமராவில் பதிவான ஓட்டம். ஒரு சேனலில் அதை மெதுவாக ஓட்டினார்கள், ஒரு சேனலில் சிவப்பு வட்டம் போட்டு ஓட்டினார்கள். ஓய்வுபெற்ற ஏதோ ஒரு பெரிய அதிகாரி கோட்டு மாட்டிக்கொண்டு விளக்கினார். படியைப் பார்க்காமலே தாண்டுகிறான் பாருங்கள், குழாய் இருப்பது தெரிந்து குனிகிறான் பாருங்கள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, இது சாதாரண ஆள் ஓடுகிற ஓட்டமே இல்லை, முறையான பயிற்சி எடுத்த ஓட்டம் என்றார். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு டிவியில் சொன்னதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை. பயிற்சி கொடுத்தது யார் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை, எல்லை தாண்டி ஒரு நாட்டின் பெயரைச் சொன்னார். கையில் இருந்த தடியை ஒரு சேனல் ஏவுகருவி என்றது, இன்னொன்று அதன் ஒரு பாகம்தான் என்று அடக்கமாகச் சொன்னது.

தபரேஸ் பாய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். காசிநாதனின் காலைத் தொடாத குறையாக, நான் எதுவும் செய்யலை காசி, என் பொண்ணு மேல சத்தியம் என்றார். காசிநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ குண்டு வெக்கிற ஆளா? போன வருசம் என் மோட்டாருக்கு ரெண்டு ஒயர மாட்டித் தரச் சொன்னேன். ஊரு பூரா கரண்டு போச்சு.”

ஹமீத் சாப்பும் டிவியில் வந்தார். வெள்ளை ஜிப்பா, பின்னால் தேசியக் கொடி. அந்த ஆள் எப்போதாவது கூலிக்கு வந்து போகிறவர், சரியாக நினைவில்லை, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாட்டுப்பற்றுள்ள குடும்பம் என்றார். பதினோரு வருஷமாகப் பெருநாளைக்குப் பெருநாள் தன் கையால் இனிப்பு டப்பா கொடுத்தவர், சரியாக நினைவில்லை என்கிறார். தபரேஸ் பாய் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவினார்.

மறுநாள் காசிநாதனின் யோசனைப்படி வீடியோ ஒன்று எடுத்தார்கள். தபரேஸ் பாய் பம்ப்செட் ரூமில் நின்று, நான் தீவிரவாதி இல்லை, என்னை மாட்டிவிட்டிருக்கிறார்கள், எனக்கு வீடு, ஷாப், பள்ளிவாசல் தவிர வேறு போக்கிடம் கிடையாது என்று பேசினார். அதுவரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் ஏன் ஓடினேன் என்றால், என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். சொன்னால் வால்வைச் சொல்ல வேண்டும். வால்வைச் சொன்னால் ஷாப்பை மூடிவிடுவார்கள். அங்கே அறுபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அதில் முனியம்மாவும் ஒருத்தி. கடைசியில், பயந்துட்டேன் என்று முடித்துக்கொண்டார்.

வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று ஒருத்தர் கேட்டார், அதைப் பதினெட்டாயிரம் பேர் விரும்பினார்கள். கோட்டுப் போட்ட அதிகாரி மறுபடி வந்தார். தபரேஸ் பாயின் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த நாலு யூரியா மூட்டைகளுக்கு வட்டம் போட்டு, மூலப்பொருள் என்றார். கடலைக்குப் போட வைத்திருந்த உரத்தைப் பார்த்து நாடே நடுங்கியது. ஆம்பூரில் ஒரு கட்சிக்காரர்கள், தபரேஸ் பாயை உடனே விடுதலை செய் என்று போஸ்டர் ஒட்டினார்கள். இன்னும் பிடிபடாத ஆளை எங்கிருந்து விடுதலை செய்வது என்று கேட்க அந்தக் கட்சியில் ஆள் இல்லை. போஸ்டரில் தலைவர் படம் ஆளுயரம், தபரேஸ் பாய் படம் தீப்பெட்டி அளவு. ஆனாலும் ஊர் அவர் பக்கம்தான் இருந்தது. பாவம்யா, எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன் என்று டீக்கடைக்கு டீக்கடை உருகினார்கள். ஏன் ஓடினார் என்று அறுபத்திரண்டு பேருக்குத் தெரியும். அவர்களும் சேர்ந்துதான் உருகினார்கள்.

ஷஹீன் பானுவிடம் தினமும் விசாரணை. தூபா காலேஜுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். நாலாம் நாள் காசிநாதன் கடலை விற்கப் போகிற சாக்கில் ஆம்பூர் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷூ கம்பெனி வாசலில் ஷஹீன் பானுவைப் பார்த்துவிட்டு வந்தார். ஹமீத் சாப் அவள் வீட்டுக்குப் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்திருந்தாராம். அவர் சொன்னதை ஷஹீன் பானு ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாளாம், காசிநாதனும் அப்படியே ஒப்பித்தார்.

“தீவிரவாதின்னு கேஸ் போட்டா போடட்டும்மா, கோர்ட்ல நிக்காது. ஏழெட்டு வருசத்துல வெளிய வந்துடுவான், நல்ல வக்கீல் நான் வெக்கிறேன். ஆனா வால்வுன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா ஷாப்பு நாளைக்கே மூடிடும். அத்தனை குடும்பத்து வயித்தெரிச்சல் உங்களுக்கு எதுக்கு?”

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! ஏழெட்டு வருஷம் என்று சொல்லும்போது கை விரலைக்கூட மடக்கவில்லையாம் மனுஷர். ஷஹீன் பானு அதற்கான பதிலை காசிநாதனிடம் சொல்லியனுப்பியிருந்தாள்.

“ஏழெட்டு வருசம் தீவிரவாதி பொண்டாட்டியா இருக்கறதுக்கு, நாளைக்கே வேலையில்லாதவரு பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். வந்து உள்ளதச் சொல்லச் சொல்லுங்கண்ணே.”

தபரேஸ் பாய் அன்று முழுக்க மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுதார். அழுகையை நிறுத்திவிட்டு, முனியம்மாவுக்கு வேறு வேலை கிடைக்குமா காசி என்று கேட்டார். காசிநாதனுக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள்.

திருப்பத்தூரில் போலீஸ் ஆபீஸ் வாசலில் போய், நான்தான் தபரேஸ் அகமது, நீங்கள் தேடுகிற ஆள் என்று சொல்லி, பெஞ்சின் மேல் சாக்குப் பையை வைத்தார். உள்ளே இரும்பு மோதி டங்கென்றது. அவ்வளவுதான். காவலுக்கு நின்றவர் ஒரே தாவில் மதிலுக்குப் பின்னால் போனார், மனுக் கொடுக்க வந்தவர்கள் மனுவைப் போட்டுவிட்டுத் தெறித்தார்கள், ஒரு தலைமைக் காவலர் ஜீப்புக்கு அடியிலேயே படுத்துவிட்டார். மற்றவர்கள் ஓடுவதை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தபரேஸ் பாய் நின்று பார்த்தார். ஒருத்தருக்கும் ஒழுங்காக ஓடத் தெரியவில்லை என்று அந்தக் கலவரத்திலும் அவருக்குத் தோன்றியதாம்.

ரத்தினசாமி அவரை மூன்று நாள் விசாரித்தார். ஒரே கதையைப் பதினேழு தடவை சொல்ல வைத்தார். வால்வு, சாவி, சைக்கிள் மணி, முட்டி வலி, பாதாம் பால். பதினேழு தடவையும் கதை மாறவில்லை. ரத்தினசாமி சாவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு மட்டமான பொய்யை எந்த இயக்கமும் சொல்லிக்கொடுத்து அனுப்பாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

“சரி. இது எந்த வால்வுக்குப் பொருந்துதுன்னு காட்டு. பொருந்தலைன்னா உன்ன அந்த ஆண்டவனாலயும் காப்பாத்த முடியாது.”

கையில் விலங்கு மாட்டி ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பின்கட்டைப் பார்த்ததும் தபரேஸ் பாய் இரண்டடி முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். உப்பு மூட்டைகளைக் காணோம். வழவழவென்று புதுச் சிமெண்டுத் தரை. அதன்மேல் வரிசையாக ரோஜாத் தொட்டிகள், சுவரில் ‘மரம் வளர்ப்போம், மண்ணைக் காப்போம்’ என்று பச்சை பெயிண்ட். எந்த இடத்தில் வால்வு என்று பதினோரு வருஷமாகக் கை வைத்த மனுஷருக்கே திசை குழம்பிவிட்டது. இங்கே, இல்லை இங்கே என்று இரண்டு இடத்தைக் காட்டினார். ஹமீத் சாப் வருத்தத்தோடு தலையாட்டினார். வால்வா, எங்கள் ஷாப்பில் பின்பக்கம் குழாயே கிடையாதே சார், பாவம், பயத்தில் உளறுகிறான், அல்லா அவனுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும் என்றார்.

ரத்தினசாமி வேலைக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார். இந்த ஆள் இதற்கு முன்னால் எப்போதாவது இப்படி ஓடியதைப் பார்த்திருக்கிறாயா? பார்த்ததில்லை சார். தெரியாது சார். நான் லீவு சார். தபரேஸ் பாயோடு ஒரே தட்டில் நோன்பு திறந்தவர் தரையைப் பார்த்தார். வாட்ச்மேனிடம் சைக்கிள் மணி பற்றிக் கேட்டபோது, எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது சார் என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அதே சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. தபரேஸ் பாய்க்கு அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. அந்த வரிசையில் தானே நின்றிருந்தாலும் தரையைத்தானே பார்த்திருப்போம் என்று தோன்றியது. ஏழெட்டு வருஷம், தூபாவுக்கு அப்போது என்ன வயசாகும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.

முனியம்மா வரிசையில் கடைசி ஆள். கொழுப்பு அள்ளுகிற சட்டி இடுப்பில் இருந்தது. அவள் ஹமீத் சாப்பைப் பார்த்தாள், ஹமீத் சாப் கண்ணாலேயே ஏதோ சொன்னார். அவள் தபரேஸ் பாயின் கையில் இருந்த விலங்கைப் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்தாள்.

“மாசாமாசம் ஓடுவாரு சாரு. நான்தான் கேட்டத் தொறந்து வுடுவேன். அன்னிக்கு முட்டி வலிக்குது ஓடலன்னாரு. முதுவுல கைய வெச்சித் தள்ளி, ஓடுன்னு சொன்னதே நான்தான். அவரப் புடிக்கிறதா இருந்தா என்னையும் சேத்துப் புடிச்சிக்கினு போங்க.”

சொல்லிவிட்டுப் போய் மூன்றாவது ரோஜாத் தொட்டியைக் காலால் ஒரு உதை விட்டாள். தொட்டி உருண்டது. இங்க தோண்டுங்க என்றாள். கடப்பாரையால் சிமெண்டை உடைத்தார்கள், ஒரு முழத்தில் வால்வு. ரத்தினசாமியே சாவியை இறக்கித் திருப்பினார். அரை வட்டம் திரும்பியதும் பூமிக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. ஒருத்தர் ஆற்றங்கரைக்கு ஓடிப் பார்த்துவிட்டு, நீலமாத் தண்ணி வருது சார், நாத்தம் தாங்கலை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். தபரேஸ் பாய் விலங்குக் கையோடு மண்ணில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நாட்டைக் காப்பாற்ற வந்த ரத்தினசாமி, இந்தக் கழிவுத்தண்ணி நம்ம டிபார்ட்மென்ட் இல்லையே என்று தலையைச் சொறிந்தார்.

வடக்கே வெடித்தது டீக்கடை கேஸ் சிலிண்டர் என்று பத்து நாளில் தெரிந்தது. நீலக் கேனில் இருந்தது கிளாஸ் கழுவுகிற தண்ணீர். தபரேஸ் பாய் நிரபராதி என்ற சேதியை வட்டம் போட்ட சேனல் தங்கம் விலைக்குக் கீழே ஒற்றை வரியாக ஓடவிட்டது. கோட்டு அதிகாரி அன்றைக்கு வேறொருவர் நடந்த நடையை விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? நிஜமான போர்டு ஜீப் வந்து ஷாப்புக்குச் சீல் வைத்தது. ஹமீத் சாப்புக்கு ஒன்றும் குறையில்லை, மருமகன் பெயரில் இன்னொரு ஷாப் இருந்தது. அறுபத்திரண்டு பேரில் பாதிப் பேரை அங்கே எடுத்துக்கொண்டார், பெரிய மனசு. மீதிப் பேர் தபரேஸ் பாயைத் தேடினார்கள், இந்தத் தடவை விடுதலை செய்ய அல்ல. தீவிரவாதியாக இருந்தவரைக்கும் பாவம்யா என்று உருகிய ஊர், நிரபராதி என்றதும் துரோகி என்றது. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர் அரை அடி தள்ளி நின்றார். போஸ்டர் ஒட்டிய கட்சிக்காரர்களே இராப்பகலாக உட்கார்ந்து சுரண்டி எடுத்தார்கள், தலைவர் படத்தை மட்டும் விட்டுவிட்டு. முனியம்மா வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள். ரேஷன் கடையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள். தபரேஸ் பாய் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, உனக்காவ ஒண்ணும் சொல்லல பாய், தள்ளுன கை என்னுது, சோறு தின்னும்போதெல்லாம் அந்தக் கையத்தான பாக்க வேண்டிகீது என்றாளாம்.

நாலு மாசம் ஷஹீன் பானு சம்பளத்தில் ஓடியது. ஆம்பூரிலும் பக்கத்து ஊர்களிலும் எந்த ஷாப்பும் இவர் பெயரைக் கேட்டதும் கேட்டைத் திறக்கவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் டிரம் மேஸ்திரி வேண்டும் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். முனியம்மாவும் கூட வந்தாள், அள்ளுகிற வேலை, கூட்டுகிற வேலை எதுவானாலும் பரவாயில்லை என்று. அவளைக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு இவர் உள்ளே போனார்.

மேனேஜர் பெயர் புகழேந்தி, நல்ல மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். தோலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, உங்க வீடியோ பாத்திருக்கேன் பாய், எங்க முதலாளிகூட நாலஞ்சு தடவை பாத்தாரு என்றார். பழைய வேலைக்கு உலை வைத்தது போதாதென்று இங்கேயும் அதே பேச்சா என்று தபரேஸ் பாய் எழுந்துகொள்ளப் பார்த்தார். புகழேந்தி கையமர்த்தினார்.

“நல்லா ஓடறீங்க பாய். அந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கும் வேணும். நம்ம யூனிட்லயும் பின்னாடி ஒரு கேட் இருக்கு. பழைய சம்பளத்துக்கு மேல நாலாயிரம் போட்டுத் தரச் சொல்லிருக்காரு.”

தபரேஸ் பாய் டீயைக் குடித்து முடித்தார். நாலாயிரம் என்றால் தூபாவின் பரீட்சைப் பணம், மூன்று மாச வாடகைப் பாக்கியில் ஒரு பங்கு. ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. முனியம்மா மடியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்டிப்பாக இங்கே வேலை உண்டு. பின்கேட்டைத் திறப்பதற்கு ஒரு கைதேர்ந்த ஆள் எந்த ஷாப்புக்குத்தான் வேண்டாம்?

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கேட்டுக்குச் செங்கல் வெச்சு அடைச்சுட்டுச் சொல்லியனுப்புங்க சாப், அன்னிக்கே வந்து சேந்துக்கறேன் என்றார். புகழேந்தி நல்ல ஜோக் என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மேஜை மேல் இருந்த காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் முனியம்மா எழுந்து நின்றாள்.

“இன்னா சொன்னாங்க?”

“ஓடறதுக்கு ஆள் எடுக்கறாங்களாம்க்கா.”

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது அவளுக்கு முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் ஆரம்பித்தாள். புத்தி இருக்குதா உனக்கு, வூட்ல ரெண்டு பொம்பளைங்கள வெச்சிகினு வந்த வேலைய வேணாம்னுட்டு வர்றியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா என்று ராணிப்பேட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடாமல் திட்டிக்கொண்டே வந்தாள். முட்டி வலித்ததால் தபரேஸ் பாய் மெதுவாகத்தான் நடந்தார், அவளும் திட்டுவதை நிறுத்தாமல் அவர் நடைக்குத் தகுந்தபடி மெதுவாகவே கூட நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூக்கைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றைப் போட்டு அவர் கையில் வைத்தாள்.